விதை மலையும் வீ.பீ. மலையும்

அப்புத்தளைச் சுற்றுவட்டத் தோட்டங்களில் தேயிலை மலைகள் இரண்டு வகை. விதை மலையில் ஒரு செடியைப் போல அடுத்த செடி இருக்காது. ஒன்றின் இலை அகன்று வெளிர்பச்சையாகப் பளபளக்கும். அதை உரசி நிற்பதன் இலை சிறுத்துக் கறுத்திருக்கும். ஒன்று கொழுந்து தள்ளி நிற்கும் நாளில் பக்கத்துச் செடி துளிர் அடங்கிக் கிடக்கும். வீ.பீ. மலை அப்படியல்ல. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே பச்சை. ஒரே நேரத்தில் துளிர்க்கும், ஒரே உயரத்தில் கைக்கு வரும், கவ்வாத்து வெட்டினாலும் ஒரே மாதிரி மீளும். அந்த மலையில் நிற்கும் ஆயிரக்கணக்கான செடிகளும் மரபணுக் கணக்கில் ஒரே செடிதான். எப்போதோ, எங்கோ ஒரு தோட்டத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ தேர்ந்தெடுத்த ஒரு தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகள் அவை. வீ.பீ. என்பது விதையில்லாப் பெருக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்.

குளோன் செய்யப்பட்ட டோலி என்ற ஆட்டின் பெயரைக் கேட்டு 1997 பெப்ரவரியில் உலகம் திடுக்கிட்டபோது, இந்த மலைகளில் குளோனிங்குக்கு ஏறத்தாழ நாற்பது வயதாகியிருந்தது. அதை யாரும் குளோனிங் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான். குளோனிங்கை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் பெரும்பாலும் வரப்போகும் காலத்தைப் பற்றியே வாதிடுகிறார்கள். அப்புத்தளை அமைந்த ஊவாவில் நடந்து முடிந்த காலமே இருக்கிறது. வரவும் செலவும் நிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே தீர்ப்பை இங்கிருந்து தொடங்குவதே நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

முதலில் செடியின் இயல்பு. தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒரு பூ காய்க்க இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் ஒவ்வொரு விதையும் புதுக் கலவை. நல்ல தாயின் விதையில் முளைத்த பிள்ளைகளில் பாதி சோடை போகலாம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டது முதல் அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகள் இலங்கையில் நட்டதெல்லாம் இப்படிப்பட்ட விதைத் தேயிலைதான். தாராளமாகத் துளிர்க்கும் செடிகளும், இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும் செடிகளும் கலந்து நின்ற மலைகள் அவை. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு எந்தச் செடி எது என்று தெரியும். கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாது.

இந்தச் சூதாட்டத்தை நிறுத்தத்தான் தண்டுத் துண்டு வந்தது. 1925இல் தொடங்கப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் (டி.ஆர்.ஐ.) இந்த முறையைச் செம்மைப்படுத்தியது. தாய்ச்செடியைக் கவ்வாத்து வெட்டிச் சில மாதங்கள் கொழுந்தெடுக்காமல் விடுவார்கள். நீண்டு வளரும் கிளையில் இளநுனியையும் முற்றிச் சிவந்த அடியையும் கழித்துவிட்டு, நடுத்தண்டை ஒரு கணு, ஓர் இலை என்று துண்டாக்குவார்கள். பொலித்தீன் பையில் மண் நிரப்பி அதில் ஊன்றி, நிழல் போட்டு, நீர் தெளித்து வைத்தால் வேர் விடும். ஓராண்டுக்குள் கன்று மலைக்குத் தயார். செய்முறை எளிது, கூர்மையான கத்தியும் பழகிய கையும் போதும். உயிரியலாளர் ஒருவர் இதைப் பார்த்தால் டோலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை உடனே சொல்வார். தாவரத்தின் உடலில் பல உயிரணுக்கள் முழுச்செடியாகும் திறனை இழப்பதில்லை. பாலூட்டியின் உடலணுவோ தோலாக, மடியாக, நரம்பாக ஒருமுறை முடிவாகிவிட்டால் பின்னோக்கித் திரும்புவதில்லை என்றே 1996 வரை பெரும்பாலோர் நம்பினார்கள். இந்த வேறுபாட்டின் மீதுதான் அறக்கேள்விகளில் பாதி நிற்கிறது. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

தண்டுத் துண்டு மலையேறியதற்குக் கட்டாயமான காரணங்கள் இருந்தன. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்து சேர்ந்தது. இளங்கொழுந்தையே தாக்கும் பூஞ்சணம். அறுவடை செய்வது எதுவோ அதையே அழிக்கும். நோயைத் தாங்கும் செடிகளைத் தேடும் வேலை அவசரமானது. அதே காலத்தில் பழைய மலைகள் கிழடாகிக்கொண்டிருந்தன. 1950களின் பிற்பகுதியில் அரசு மறுநடுகைக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. அங்கீகரிக்கப்பட்ட வீ.பீ. கன்றுகளை நட்டவர்களுக்கே அந்தப் பணம். டி.ஆர்.ஐ. 2000 வரிசைக் குளோன்கள், குறிப்பாக டி.ஆர்.ஐ. 2025, மலைநாட்டின் பெரும் பரப்பை அடுத்த சில பத்தாண்டுகளில் பிடித்துக்கொண்டன.

வரவுக் கணக்கை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நல்ல பராமரிப்பில் வீ.பீ. மலை ஹெக்டேயருக்கு 2,000 கிலோவுக்கு மேல் ஆக்கிய தேயிலை தரும். பழைய விதை மலைகள் பெரும்பாலும் அதன் பாதியைச் சுற்றியே நிற்கின்றன. ஊவாவில் கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரின் குடும்பம் மாதாமாதம் கொழுந்துக் காசைக் கண்ணால் பார்ப்பது இந்தச் செடியால்தான். விதைத் தேயிலையை நம்பி அவ்வளவு சிறிய காணியில் யாரும் பிழைத்திருக்க முடியாது. ஒரே சீராகத் துளிர்க்கும் மலையில் கொழுந்து ரவுண்டை முன்கூட்டியே திட்டமிடலாம். தொழிற்சாலையில் வாட்டுதலும் உருட்டுதலும் ஒரே தரத்தில் அமையும். குளோன் தேயிலை ஏமாற்று என்று சொல்பவர் இந்த அடுப்படிகளைப் பார்க்காதவர்.

இனிச் செலவு. இதில் நான் நீண்ட நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

டி.ஆர்.ஐ. 2000 வரிசையின் பெரும்பகுதிக்கும், பின்வந்த பல வெளியீடுகளுக்கும் வம்சாவளியில் ஒரே மூதாய் இருக்கிறாள். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏ.எஸ்.எம். 4/10 என்ற செடி அது. அதாவது, பல குளோன்களைக் கலந்து நட்டேன் என்று ஒரு தோட்டத்துரை சொல்லும்போதும், அந்தப் பல குளோன்கள் அக்கா தங்கைகளாக இருக்கக்கூடும். மரபணு அடித்தளம் இவ்வளவு குறுகியது என்பதை இலங்கைத் தேயிலை விஞ்ஞானிகளே எழுதி எச்சரித்திருக்கிறார்கள். பல குளோன்களைக் கலந்து நட வேண்டும் என்பதும் துறையின் பழைய அறிவுரைதான். அறிவு இருந்தது. மலையின் நடைமுறை அந்த அறிவை மீறியது.

இந்த எச்சரிக்கையின் எடையை உணர ஊவாக்காரர் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். கோப்பியை அழித்த துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் மடுல்சீமை. ஆண்டு 1869. பதுளை மாவட்டத்திலேயே இருக்கிறது அந்த மலை. அராபிக்கா கோப்பி குளோன் அல்ல, விதையில் வந்ததுதான். ஆனால் அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் செடி. உலகெங்கும் கொண்டுபோனது மிகச் சில தாய்களின் வழி. ஆகவே செடிக்குச் செடி வேறுபாடு மிகக் குறைவு. ஒரு செடியில் நுழைந்த பூஞ்சணத்துக்கு அடுத்த செடியில் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. 1870களின் இறுதியில் 250,000 ஏக்கரைத் தாண்டியிருந்த கோப்பிப் பரப்பு, அதன் பின் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் கரைந்துபோனது. 1880இல் நோயை ஆராய வந்த ஹரி மார்ஷல் வார்ட், பூஞ்சணத்தின் வாழ்க்கையை விளக்கியதோடு, இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் அதற்கு வழிவிட்டது என்பதையும் சுட்டினார். அந்த வீழ்ச்சியில் துரைமார் காணியை இழந்தார்கள். பலர் தேயிலைக்கு மாறிப் பிழைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த தொழிலாளர் கூலி பாக்கியோடு திரும்பி நடந்தார்கள். ஒரே மாதிரி நட்ட முடிவை எடுத்தவரும் அதற்கு விலை கொடுத்தவரும் வேறு வேறு ஆட்கள். இந்த வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மனிதக் குளோனிங்கைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வேண்டியிருக்கும்.

தேயிலைக்கு அந்தக் கதி இன்னும் வரவில்லை. வரும் என்று நான் ஆரூடமும் சொல்லவில்லை. ஆனால் வராததற்குக் காரணம் குளோன்களின் வலிமை மட்டும் என்று சொல்வது தவறு. செப்பு மருந்தும், மலைகளுக்கு இடையில் இன்னும் மிச்சமிருக்கும் விதைத் தேயிலையும் அதில் பங்காளிகள். தேயிலையை விட்டு வெளியே பார்த்தாலும் ஊவாவில் இதே பாடம் உண்டு. வெலிமடை, பண்டாரவளை உருளைக்கிழங்கும் குளோன்தான். கிழங்கை நட்டுக் கிழங்கை எடுக்கிறோம். ஒரு பருவத்தில் வெளிறல் வந்தால் மலைச்சரிவு முழுவதும் சேர்ந்து கருகும். விதைக்கிழங்குக்கு நெதர்லாந்துக் கப்பலை எதிர்பார்த்து நிற்கும் விவசாயிக்கு, தன் பயிரின் பிறப்பு தன் கையில் இல்லை என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

அடுத்தது வேர். விதையில் முளைத்த தேயிலைக்கு ஆணிவேர் உண்டு; அது ஆழமாகப் போய் ஈரத்தைத் தேடும். தண்டுத் துண்டிலிருந்து வரும் செடிக்கு உண்மையான ஆணிவேர் கிடையாது. பக்கவேர்களில் சில தடித்துக் கீழே இறங்கும், எல்லாக் குளோன்களிலும் ஒரே அளவுக்கு அல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்திலேயே ஆடி, ஆவணியில் உலர்காற்று வீசும் ஊவாவுக்கு இது சின்ன விஷயமல்ல. வறட்சியில் இளம் வீ.பீ. மலை கருகி நிற்க, மேலே பாறையோரத்துப் பழைய விதைச் செடிகள் பச்சையாக நிற்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் எல்லோரும் கண்டிருப்பார்கள். தாங்கும் வேருக்கு மேல் விளையும் கிளையை ஒட்டுக்கட்டும் முறை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கைவசம் இருக்கிறது. அது கன்றின் விலையைக் கூட்டும். மானியக் கணக்கும் கம்பனிக் கணக்கும் அந்தக் கூடுதலை ஏற்க விரும்புவதில்லை.

சுவை பற்றிய குற்றச்சாட்டைக் கொஞ்சம் கவனமாக எடைபோட வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வரும் அந்தக் குளிர்ந்த, மருந்து வாசம் கலந்த மணம் உலகச் சந்தையில் தனி விலை பெறுவது. அதில் மெதைல் சலிசிலேற்று என்ற சேர்மத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உலர்காற்றிலும் இரவுக் குளிரிலும் செடி படும் நெருக்கடியில் அது கூடுகிறது. பழைய ஆட்கள் பலர் விதைத் தேயிலை போனதோடு மணமும் போனது என்கிறார்கள். இந்தக் கூற்றை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. காற்றும் உயரமும் வாட்டும் முறையும் மணத்தைத் தீர்மானிக்கின்றன. குளோன் மலைகளிலிருந்தும் நல்ல பருவத் தேயிலை வருகிறது. ஆனால் குற்றச்சாட்டில் ஒரு பகுதி நிற்கும். 1950களில் தேர்வு நடந்தபோது சுவையும் சோதிக்கப்பட்டது என்றாலும் விளைச்சலும் நோய்த் தாங்குதிறனும் முன்வரிசையில் நின்றன. மேலும் தேர்வின் மையம் தலவாக்கலை. ஊவாவின் காற்று ஊவாவின் செடிகளிடமிருந்து எதை எடுக்கிறது என்ற கேள்வி அங்கே இரண்டாம் இடத்தில்தான் இருந்திருக்க முடியும்.

2021இல் இரசாயன உரத் தடை வந்தபோது இன்னொரு செலவு வெளியே தெரிந்தது. அதிக விளைச்சலுக்குத் தேர்ந்த குளோன், உரத்தை அதிகமாக உண்டு அதற்கேற்பத் துளிர்க்கும் செடி. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனாக விழுந்தது. அந்த வீழ்ச்சிக்குக் காரணம் குளோன் அல்ல, தயாரிப்பில்லாமல் எடுத்த அரசியல் முடிவு. ஆயினும் ஹெக்டேயருக்கு 2,000 கிலோ என்ற எண்ணுக்குள் உர மூட்டையும் டொலரும் மறைந்திருந்ததை அந்த ஆண்டு காட்டிக்கொடுத்தது. சிறுதோட்டக்காரருக்குக் கன்று கொடுத்தபோது இந்த நிபந்தனையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கடைசியாகக் கொழுந்தெடுப்பவர். சில மேடைகளில் தோட்டத் தொழிலாளரையே குளோன் செடிகளோடு ஒப்பிட்டுப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரே லயன், ஒரே கூடை, ஒரே வாழ்க்கை என்று உருக்கமாகச் சொல்வார்கள். அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை; இருநூறு ஆண்டுகளாக எண்ணாகப் பார்க்கப்பட்ட மக்களை அது மீண்டும் எண்ணாகவே பார்க்கிறது. நடந்த விடயம் இன்னும் நேரானது. சீராகத் துளிர்க்கும் மலையில் கை வேகமாகப் போகும், கிலோ கூடும். கூடிய கிலோ விரைவிலேயே கட்டாய அளவாக மாறும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது பல தோட்டங்களில் சண்டை பணத்தோடு முடியவில்லை. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, எத்தனை கிலோ என்பதில் தொடர்ந்தது. செடியின் விளைச்சல் இரட்டிப்பானபோது அந்த இரட்டிப்பில் கொழுந்தெடுப்பவரின் பங்கு என்ன என்று எந்தத் திட்டமும் கேட்கவில்லை. மறுநடுகை நடக்கும் மலையிலும் அப்படித்தான். பழைய செடியைப் பிடுங்கி, மண் தேற மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு ஒன்றரை ஆண்டு விட வேண்டும். பின் கன்று நட்டு, அது கூடைக்கு வர மேலும் சில ஆண்டுகள். அவ்வளவு காலமும் அந்த மலையில் கொழுந்துப் பேர் இல்லை. மானியம் காணிக்குப் போனது. இடைக்கால இழப்பு லயத்தில் தங்கியது.

இந்தச் செலவுப் பட்டியலில் ஒரு வரிகூடத் தண்டுத் துண்டு வேர்விட்டதால் வந்த குற்றமல்ல. குளோனிங் என்ற நுட்பம் கேட்டதைச் செய்தது. எதைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு பரப்பில், யாருடைய செலவில் என்று முடிவு செய்தவர்களின் குற்றம் அது. உலக விவாதம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. நகலெடுத்தல் என்ற செயலைத்தான் அது உற்றுப் பார்க்கிறது.

மனிதக் குளோனிங்குக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களை இந்த அளவுகோலோடு பார்ப்போம். தனித்தன்மை அழியும் என்பது முதலாவது. இது பலவீனமான வாதம். டி.ஆர்.ஐ. 2025ஐ அப்புத்தளையின் 1,400 மீற்றரிலும் நடலாம், கீழே இறங்கிய ஒரு பள்ளத்தாக்கிலும் நடலாம். மரபணு ஒன்றே, கோப்பையில் வருவது வேறு. செடிக்கே இடமும் காற்றும் இவ்வளவு செய்யும் என்றால் தாயும் மொழியும் பள்ளிக்கூடமும் வளர்க்கும் ஒரு குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை. இயற்கையே இரட்டைக் குழந்தைகளை அனுப்புகிறது. அவர்களில் ஒருவரை யாரும் நகல் என்று குறைத்து மதிப்பதில்லை. 2001இல் டெக்சாஸில் பிறந்த சிசி என்ற குளோன் பூனையின் ரோம நிறம்கூட மூலப் பூனையின் நிறமாக அமையவில்லை. இறந்த பிள்ளையைத் திரும்பப் பெறலாம் என்று யாராவது விற்க வந்தால், அவர் விற்பது பொய்.

கடவுளின் வேலையில் கைவைப்பது என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதன்மேல் தீர்ப்பு எழுத முடியாது. வாழைக்கன்றைப் பிரித்து நட்ட நாளிலிருந்து, மாமரத்தில் ஒட்டுக்கட்டிய நாளிலிருந்து நாம் அந்த வேலையில் கைவைத்துத்தான் இருக்கிறோம். எல்லையைக் காட்ட வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் தோல்விக் கணக்கில் இருக்கிறது. டோலிக்காக எடின்பரோவுக்கு அருகிலுள்ள ரோஸ்லின் நிலையத்தில் 277 முயற்சிகள் செய்தார்கள். 29 கருக்கள் கிடைத்தன. உயிரோடு பிறந்தது ஒன்று, 1996 ஜூலை 5இல். 2018 ஜனவரியில் ஷாங்காய் ஆய்வாளர்கள் இரண்டு குளோன் குரங்குகளை அறிவித்தார்கள். அதற்காக 79 கருக்கள் 21 தாய்க்குரங்குகளுக்குள் வைக்கப்பட்டிருந்தன. ஹரியானாவின் கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பெப்ரவரியில் பிறந்த முதல் குளோன் எருமைக் கன்று ஒரு வாரத்துக்குள் நுரையீரல் நோயில் இறந்தது. அதே ஆண்டு பிறந்த கரிமா இரண்டு ஆண்டுகளே இருந்தது. 2010இல் பிறந்த கரிமா-2 தான் நிலைத்து வளர்ந்து 2013இல் கன்றும் ஈன்றது. இந்த விஞ்ஞானிகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. குளோன் விலங்கு சீக்கிரம் கிழடாகும் என்ற பயமும் பெரிதும் மிகைதான். டோலி 2003இல் இறந்தது நுரையீரல் கட்டியால், அதற்குக் காரணம் செம்மறிகளைப் பீடிக்கும் ஒரு வைரசு. அதே அணுவரிசையில் பிறந்த நான்கு ஆடுகள் நல்ல ஆரோக்கியத்தோடு முதுமையடைந்ததை 2016இல் நொட்டிங்காம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிழைத்தவை நலமாக இருக்கலாம். பிழைக்காதவற்றின் கணக்கு அப்படியே இருக்கிறது.

தேயிலைத் துண்டு நூற்றில் இருபது வேர்விடாமல் போனால் நர்சரியில் குப்பையோடு சேரும். அதற்கு வலி இல்லை. பாலூட்டியில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு தாயின் உடல் உண்டு, சில வேளை மூச்சுத் திணறிச் சாகும் ஒரு குட்டியும் உண்டு. மனிதரில் அந்தத் தாய்களாக யாரைத் தேடுவார்கள் என்பதை யோசிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். வாடகைத் தாய்மை இந்தியாவில் வணிகமாக நடந்த காலத்தில் கருப்பையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் எந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பது தெரிந்ததே. இங்கே கடன்பட்ட லயத்துப் பெண்ணும் அந்த வரிசையில் நிற்க வைக்கப்படுவாள். முடிவு எடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர் என்ற மடுல்சீமைக் கணக்கு அப்படியே மனித உடலுக்கு இடம்மாறும்.

இரண்டாவது காரணம் தேர்வு. குளோன் குழந்தை பிறக்கும் முன்பே அது யாரைப் போல இருக்க வேண்டும் என்று இன்னொருவர் ஒரு நோக்கத்துக்காகத் தீர்மானித்திருப்பார். பெற்றோர் எல்லோரும் பிள்ளையைப் பற்றிக் கனவு காண்கிறார்கள், உண்மைதான். ஆனால் எந்தப் பெற்றோரும் இதுவரை அந்தக் கனவைப் பிள்ளையின் ஒவ்வொரு அணுவிலும் எழுதிவிட்டுத் தொடங்கியதில்லை. ஒரு தேயிலைச் செடியை விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுப்பதில் செடிக்கு அநியாயம் எதுவும் இல்லை. மனிதரைப் பயனுக்காகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்ததன் விளைவை மலையகத்தைவிட நன்றாக அறிந்த இடம் இலங்கையில் இல்லை. அந்தத் தேர்வின் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. குழந்தை பெறுவதற்கான மனிதக் குளோனிங் தடைசெய்யப்பட வேண்டும். 1997இல் யுனெஸ்கோ மனித மரபணுத் தொகுதி பற்றிய பிரகடனத்தில் எடுத்த நிலை சரி. நுட்பம் நாளை பாதுகாப்பாகிவிட்டாலும் இரண்டாவது காரணத்துக்காக அந்தத் தடை நிற்க வேண்டும். 2005இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 84க்கு 34 என்ற வாக்கில் நிறைவேற்றிய பிரகடனம் சிகிச்சைக்கான ஆய்வையும் சேர்த்துச் சந்தேகத்துக்குள் தள்ளியது. அது அளவு மீறியது. நோயாளியின் அணுவிலிருந்து திசு வளர்க்கும் ஆய்வு யாரையும் யாருக்காகவும் பிறப்பிப்பதில்லை. கருமுட்டை கொடுக்கும் பெண்ணை விலைக்கு வாங்காத கண்டிப்பான விதிகளோடு அதை அனுமதிக்கலாம். எருமையும் ஆடும் நடுவில் நிற்கின்றன. கர்னாலிலோ, 2012இல் நூரி என்ற பஷ்மினா ஆட்டைப் பிறப்பித்த காஷ்மீரிலோ ஆய்வு தொடரட்டும். அருகிவரும் இனத்தைக் காக்க அது உதவக்கூடும். ஆனால் பாலுக்காக ஒரே காளையை ஊர் ஊராகப் பெருக்கும் திட்டமாக அது மாறினால், 1869க்கு முந்திய கோப்பித் துரையின் அதே தவறு மாட்டுத் தொழுவத்தில் நடக்கும்.

தேயிலையில் குளோனிங் சரியான முடிவு. அதை இந்த அளவுக்கு, இவ்வளவு சில தாய்களிலிருந்து, இவ்வளவு வேகமாகச் செய்தது தவறான முடிவு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஒன்றை மற்றொன்று மன்னிக்காது. 1960களில் நட்ட வீ.பீ. மலைகளே இப்போது கிழடாகிவிட்டன. ஆண்டுக்கு 2 சதவீதம் மறுநடுகை என்ற நெடுநாள் இலக்கைக் கம்பனிகள் எட்டாமலே இருக்கின்றன. இன்றோ நாளையோ பெரிய மறுநடுகை வந்தே தீரும். அப்போது இதுவரை மிஞ்சிய விதை மலைகள்தாம் முதலில் பிடுங்கப்படும், ஏனென்றால் கணக்குப் புத்தகத்தில் அவைதான் குறைந்த விளைச்சல் காட்டுகின்றன. ஆனால் அந்த மலைகளில் 130, 140 ஆண்டுகளாக ஊவாக் காற்றில் நின்று சாகாமல் இருக்கும் ஒவ்வொரு செடியும் வேறு வேறு மரபணுக் கலவை. அவற்றில் எது வறட்சியைத் தாங்கும், எது கொப்புள நோயில் தப்பும், எது ஆவணிக் காற்றில் மணக்கும் என்ற பதில் வேறெங்கும் பதிவாகி இல்லை. பிடுங்கிய பிறகு அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது.

எனவே மறுநடுகை மானியம் மூன்று நிபந்தனைகளோடு வர வேண்டும். ஒரே மூதாயின் வழிவந்த குளோன்களை ஒரு தோட்டம் எவ்வளவு பரப்பில் நடலாம் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். மலை வெறுமையாகக் கிடக்கும் ஆண்டுகளுக்கான பேர் இழப்பைத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஈடுசெய்யும் தொகை மானியத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும். எந்த விதை மலையையும் பிடுங்குவதற்கு முன் அதன் செடிகளிலிருந்து துண்டு எடுத்துப் பசறையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஊவாப் பிராந்திய நிலையத்தில் தனித் தொகுப்பாக வளர்க்க வேண்டும். எந்தெந்தச் செடிகள் என்பதை அலுவலகத்திலிருந்து வருபவர் ஒரு நாளில் பார்த்துச் சொல்ல முடியாது. முப்பது ஆண்டு அதே மலையில் கூடை சுமந்த பெண்களுக்கு அது தெரியும். அவர்களுக்கு அந்த வேலைக்கு முழுப் பேர் போட்டு, பிடுங்கலுக்கு முந்திய வறட்சியில் அவர்களை மலைக்கு அழைத்துப்போய் அந்தச் செடிகளில் குறி போடச் சொல்ல வேண்டும்.